வெண்டெல் கை தட்டினால்

கெஸ்தெய் விவசாயப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. புடாபெஸ்ட் ஓபராவில் இசை நாடகம் பார்க்கப் போய் உட்கார்ந்தால், சொம்லாய் வெண்டெல் கை தட்டும் வரை வேறு யாரும் கை தட்டக் கூடாது. துறைத் தலைவராக இருந்தவரானாலும் சரி, மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவரானாலும் சரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெண்டெலின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் தட்டினால் தட்டலாம். அவர் எழுந்தால் எழலாம். மற்ற விஷயங்களில் எலியும் பூனையுமாகச் சண்டை போடுகிற அந்தக் கூட்டம் இந்த ஒன்றில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடங்கி நடந்தது.

இதற்குக் காரணம் ஒரு பழைய அவமானம். வெண்டெல் அப்போது விதைப் பரிசோதனைக் கூடத்தில் இளம் உதவியாளர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆலையிலும் அலுவலகத்திலும் நாடக அரங்குக்கு ஆள் சேர்க்கவென்று ஒருவர் இருப்பார். டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்து, கூட வேலை செய்கிறவர்களின் தலையில் கட்டுவது அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வசவு உண்டு. வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் அந்த வேலை வெண்டெலிடம் வந்து விழுந்தது. முதல் பயணத்திலேயே கூத்து நடந்துவிட்டது. பாடகி பாட்டின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், சரி, முடிந்துவிட்டது என்று நினைத்து மண்ணியல்காரர்கள், பயிர்க்காரர்கள், கால்நடைக்காரர்கள் அத்தனை பேரும் உற்சாகமாகக் கை தட்டினார்கள். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இடைவேளையில் உரோமக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"மாட்டையெல்லாம் வெளியில கட்டிட்டு வந்திருக்காங்க போல."

வெண்டெலுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் ஓபரா கேட்டு வளர்ந்தவர் இல்லை. அப்பா திராட்சைத் தோட்டக் கூலி. ஆனால் வெண்டெல் ரோஷக்காரர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தனியாக ரயிலேறிப் போய், உச்சி மாடத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, எது எங்கே முடிகிறது, எங்கே முடிவது போல் பாசாங்கு செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை பேருந்தில் எழுந்து நின்று அறிவித்தார்: "நான் தட்டினா தட்டுங்க. நான் தட்டலேன்னா, பக்கத்துல இருக்கிறவன் செத்தாலும் கைய மடியில வைங்க." அன்றிலிருந்து ஒருவரும் அவர்களைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அந்த நாளில் புடாபெஸ்டுக்குப் போன் பேச வேண்டுமென்றால் பல்கலைக்கழகத் தொலைபேசி இணைப்பகத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவள் பிரோஷ்கா. முகம் தெரியாமல் அவள் குரலை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் அந்த வளாகத்தில் பாதிப் பேர். டிக்கெட் கேட்டு வெண்டெல் அடிக்கடி கூப்பிடுவார். சில மாதம் கழித்து டிக்கெட் தேவைப்படாத நாளிலும் கூப்பிட்டார். "இன்னைக்கு எந்த நாடகத்துக்கு?" என்று அவள் கேட்டாள். "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றார். "எனக்கு ஓபரான்னாலே தூக்கம் வரும்" என்றாள் அவள். அந்த நேர்மை அவருக்குப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பயணம் கூட விடாமல் அவருக்கு இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முதல் சில வருடம் தூங்கி, பிறகு மெல்ல மெல்ல அவரைவிடக் கூர்மையாகக் கேட்கத் தொடங்கினாள். பிள்ளை குட்டி இல்லை. இருவருக்கும் இதுதான் குடும்பம், இதுதான் ஊர் சுற்றல், இதுதான் விருந்து.

ஓய்வு பெற்ற பிறகு வெண்டெலுக்குக் காது போகத் தொடங்கியது. மருத்துவர் ஒரு கருவி கொடுத்தார். பேச்சுக்கு அது பரவாயில்லை. இசைக்கு வைத்தால் வயலின்களெல்லாம் தகரத்தை ஆணியால் பிறாண்டுவது போல் கேட்டன. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. கை தட்டச் சொல்லித் தருகிற மனிதர் காதில் கருவியோடு நின்றால் சங்கத்தில் என்ன சொல்வார்கள்? குறிப்பாக, திவதார் என்ன சொல்வான்?

திவதார் கால்நடை மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வாய் என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு அடர்ந்த மீசை. அதற்குப் பின்னாலிருந்து வருவதெல்லாம் கிண்டல். முப்பது வருடமாக வெண்டெலைச் சீண்டுவதை ஒரு கடமையாகச் செய்து வந்தவர். "பசுமாட்டுக்கு சங்கீதம் போட்டா பால் கூடுதலா கறக்குது, உன் கூட்டத்துக்குப் போட்டா என்னய்யா கறக்குது?" என்பார். அந்த வாயில் விழ வெண்டெல் தயாராக இல்லை. கருவி மேசை இழுப்பறைக்குள் போனது. வீட்டில் பிரோஷ்காவும் அவரும் இருக்கும்போது மட்டும் வெளியே வரும்.

அப்போது பிரோஷ்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். அரங்கில் விளக்கு அணைந்ததும் தன் வலது கையை அவர் முழங்காலில் வைத்துக்கொள்வாள். பாட்டு முடிந்து தட்ட வேண்டிய இடம் வந்தால் ஒரு அழுத்து. உடனே வெண்டெல் தட்டுவார், பின்னாலேயே சங்கத்தார் உட்கார்ந்த இரண்டு வரிசையும் தட்டும். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் பேருந்து நின்றதும் இருவரும் கை கோத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துபோவார்கள். "இந்த வயசுலயும் பாருங்களேன்" என்று பேருந்தில் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அங்கே காதல் எதுவும் நடக்கவில்லை. பிரோஷ்கா அவர் காதருகே வாயை வைத்து, "குரல் மேல போகும்போது ஆண் பாடகன் பயந்தான். அந்தக் கிழவி வேஷக்காரி பிரமாதம். கடைசிக் காட்சியில மொத்தப் பேரும் தாளத்த இழுத்துட்டாங்க" என்று ஒப்பித்துக்கொண்டிருப்பாள். பேருந்து கிளம்பியதும் வெண்டெல் ஓட்டுநரிடம் மைக்கை வாங்கி, தன் கருத்தாக அதையே அழகாகச் சொல்வார். மற்ற நேரங்களில் அவரே பேசிக்கொண்டிருப்பார்; தானே பேசுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் உதடுகளைப் படிக்கவும் பழகிவிட்டார். படிக்க முடியாத ஒரே வாய் திவதாருடையது. அதனால் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார், அல்லது பொதுவாகச் சிரித்து வைப்பார்.

இப்படி ஆறு வருடம் ஓடியது. ஒருவருக்கும் தெரியாது என்று நம்பினார்கள்.

போன இலையுதிர் காலத்தில் பிரோஷ்காவின் நுரையீரல் கெட்டது. பனி தொடங்குவதற்குள் போய்விட்டாள். மருத்துவமனையில் கடைசி நாட்களில் சங்கத்து ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அதனால் வெண்டெல் கருவியைப் போட்டுக்கொள்ளவில்லை. அது வீட்டில் இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. இதை நினைத்தால் எனக்கே அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். ஒரு சாயங்காலம் பிரோஷ்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மூச்சுக்கான முகமூடி வாயை மூடியிருந்ததால் உதடும் தெரியவில்லை. வெண்டெல் "சரி", "சரிம்மா", "அப்படியே செய்யறேன்" என்று தலையாட்டினார். நாளைக்குக் கருவியைக் கொண்டுவந்து மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு அவள் பேசும் நிலையில் இல்லை. அதற்கு அடுத்த நாள் அவளே இல்லை.

என்ன சொன்னாள்? எதற்குச் சரி என்றோம்? அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து வெண்டெலின் நெஞ்சை அறுத்த கேள்வி இதுதான். சாப்பிடும்போது அறுத்தது, சவரம் செய்யும்போது அறுத்தது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் காது போன கதையைச் சொல்ல வேண்டும். காது போன கதையைச் சொன்னால், கட்டிய மனைவி சாகும்போது பேசியதைக் கூடக் கேட்காமல் வெறுமனே தலையாட்டியதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவதைச் சொல்வதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று இருந்தது அவருக்கு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் வந்தது. பிரோஷ்கா இல்லாத முதல் பயணம். "நீங்க வராட்டி நாங்க யாரும் போகல" என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். வராமலிருக்க ஒரு காரணம் வேண்டும், பொய்க்குப் புதிதாக இன்னொரு பொய் தேட அவருக்குத் தெம்பில்லை. நல்லவேளை, அவருக்கு மிகவும் பழக்கமான நாடகம்தான்: படகோட்டியின் மகள் ஆற்றில் மூழ்கிய காதலனுக்காகக் கரையில் காத்திருந்து சாகிற கதை. ஒவ்வொரு பாட்டும் எங்கே முடியும் என்று தலைக்குள் ஓடவிட முடியும். எப்படியாவது இந்த ஒரு தடவை மானம் போகாமல் ஒப்பேற்றிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

விடிகிற நேரத்தில் பேருந்து கிளம்பத் தயாராக ஏரிக்கரையில் நின்றது. பாலத்தொன் ஏரியின் ஓரமெல்லாம் பனிக்கட்டி. வெண்டெல் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பையைப் பக்கத்து இருக்கையில் வைத்ததும், திவதார் வந்து குனிந்தார். மீசை அசைந்தது. முகத்தில் கிண்டல் இல்லாதது மாதிரி இருந்தது. ஆனால் திவதாரின் கிண்டல்கள் பலவும் அப்படித்தான் தொடங்கும்.

வெண்டெல் பையின் மேல் கையை வைத்தார். "ஆள் வருது இங்க."

மீசை மறுபடி அசைந்தது. திவதார் இப்போது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்து, இன்னும் மெதுவாகப் பேசினார். அதுதான் வெண்டெலுக்குச் சந்தேகம் தந்தது. ஊருக்கே கேட்கப் பேசுகிறவன் இன்று ஏன் முணுமுணுக்கிறான்? என் காதைச் சோதிக்கிறானா?

"அப்புறம் பேசிக்கலாம்யா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திவதார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்னால் போய் உட்கார்ந்தார்.

போகிற வழியில் கதையை மைக்கில் சொன்னார் வெண்டெல். நன்றாகவே சொன்னார். படகோட்டி மகளின் கடைசிப் பாட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த இடத்துல வாத்தியமெல்லாம் நின்னுடும். அவ குரல் மட்டும்தான். அதுவும் போகப் போகச் சின்னதாயிடும். அப்ப யாரும் மூச்சுகூட விடாதீங்க" என்றார். பெண்கள் சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். அவருக்காகவும் சேர்த்து எடுத்தார்கள்.

அரங்கத்துக் கீழ்த்தளத்தில் கனத்த கோட்டுகளைக் கொடுத்துவிட்டு, பனிக் காலணியைக் கழற்றிப் பையிலிருந்து நல்ல காலணியை மாட்டிக்கொண்டிருக்கும்போது திவதார் மூன்றாவது முறையாகப் பேச வந்தார். இந்தத் தடவை வெண்டெலின் சட்டைக் கையையே பிடித்தார்.

"என்னய்யா உனக்கு வேணும்?" என்றார் வெண்டெல், வெடுக்கென்று.

மீசை ஏதோ சொன்னது. விரல் வெண்டெலின் சட்டைப்பையில் தெரிந்த இரண்டு டிக்கெட்டுகளைக் காட்டியது, பிறகு திவதாரின் மார்பையே காட்டியது. பக்கத்து இருக்கை வேண்டும் என்கிறான், அவ்வளவு வரை புரிந்தது. பிரோஷ்காவின் இருக்கை! வெண்டெலுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அங்க யோலான் உக்காருறாங்க" என்று சொல்லி, பக்கத்தில் காலணி மாற்றிக்கொண்டிருந்த யோலானின் கையில் பிரோஷ்கா இடத்து டிக்கெட்டைத் திணித்தார். யோலான் களைச்செடிகளைப் பற்றிப் பாடம் எடுத்தவள், கணவனை இழந்தவள், இளகிய மனசுக்காரி. ஓபராவில் திரை விலகினாலே அழத் தொடங்கிவிடுவாள்.

"ஐயோ, பிரோஷ்கா இடமாச்சே, நான் எப்படி..." என்றாள். அவள் உதடு தெளிவாக இருந்தது.

"நீங்கதான் உக்காரணும்" என்றார் வெண்டெல். திவதார் தோளைக் குலுக்கிவிட்டுப் படியேறிப் போனார்.

முதல் இரண்டு அங்கமும் எப்படியோ கழிந்தன. தலைக்குள் பாட்டை ஓடவிட்டு, வாத்தியக் குழுவை நடத்துகிறவரின் கைகளைக் கவனித்து, முன்வரிசைக்காரர்களின் முழங்கை அசைகிறதா என்று பார்த்து, ஒரு மூச்சு தாமதமாகத் தட்டினார். சங்கத்தாரும் ஒரு மூச்சு தாமதமாகத் தட்டினார்கள். யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை. சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிப்போனது. இடைவேளையில் முட்டை வைத்த ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், இன்னும் ஒரு அங்கம்தான், இன்னும் ஒரு அங்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி அங்கம். மேடையில் ஆற்றங்கரை. சாம்பல் நிற வெளிச்சம். படகோட்டியின் மகள் தனியாக வந்து நின்றாள். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் மெல்லக் கைகளை இறக்கினார். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்தார்கள். இதோ, அந்த இடம். வெண்டெலுக்கு எல்லாம் நிசப்தம். அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு அசைவதும், உதடு மெல்லத் திறந்து மூடுவதும் தெரிந்தன. முகமூடி இல்லாத அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு மருத்துவமனைச் சாயங்காலம் வந்துவிட்டது. என்ன சொல்கிறாய்? என்னதான் சொன்னாய்? பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது தலைக்குள் தவறிப்போயிற்று. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

யோலான் அதைப் பார்த்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். பாவம், பிரோஷ்காவை நினைத்துக்கொள்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் எந்த மனுஷியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்து, ஆறுதலாக ஒரு அழுத்து அழுத்தினாள்.

வெண்டெல் கை தட்டினார்.

யோசித்துத் தட்டவில்லை. ஆறு வருடப் பழக்கம், அந்தக் கை அழுத்தினால் இந்தக் கைகள் எழும். அதுகூட இல்லை, உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கணம் பிரோஷ்கா பக்கத்தில் இருந்தாள். அவள்தான் அழுத்தினாள். அவள் இருக்கிற சந்தோஷத்தில் அவர் பலமாக, மனம் நிறைந்து தட்டினார். அவர் தட்டியதும் சட்டப்படி இரண்டு வரிசையும் தட்டின. மூச்சு விடாதீர்கள் என்று காலையில் சொன்னவர் அவர்தான் என்பது அவர்களுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனாலும் வெண்டெல் தட்டிவிட்டார், வெண்டெலுக்குத் தெரியாததா? அந்தச் சின்னக் குரலின் மேல் அத்தனை கைகளும் சடசடவென்று விழுந்தன.

அரங்கம் திரும்பியது. வெண்டெல் முதலில் பார்த்தது முன்வரிசை முகங்களை. பிறகு விரல்கள் உதட்டுக்குப் போவதை. பிறகு மேடையில் அந்தப் பெண் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதை. கடைசியாக இடது பக்கம் திரும்பினார். அங்கே யோலான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாடகம் முடிந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று, ஒரே தாளத்தில், இரும்படிப்பது போல் தட்டியது. பாடகி மறுபடி மறுபடி திரைக்கு முன்னால் வந்தாள். இரண்டு வரிசையில் மட்டும் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்த இடத்திலேயே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெண்டெலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டெலின் கைகள் எழவில்லை. அதனால் அவர்கள் ஒருவரும் தட்டவில்லை.

கோட்டு வாங்குகிற வரிசையில் யாரோ இவர்களைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வெண்டெலுக்குச் சொல் கேட்கவில்லை, சிரிப்பு தெரிந்தது. பழைய அம்மாளின் சிரிப்புதான். இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்த மானத்தைத் தன் கையாலேயே தட்டித் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தார்.

பேருந்தில் ஓட்டுநர் வழக்கம் போல மைக்கை நீட்டினார். வெண்டெல் தலையை அசைத்து மறுத்துவிட்டார். நகரம் போயிற்று, மலைச்சரிவு போயிற்று, ஏரி வந்தது. பெண்கள் பொகாச்சா ரொட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள். யாரும் ஒருவருக்கொருவர் நீட்டிக்கொள்ளவில்லை. யோலான் பின்வரிசையில், "நான் சும்மா ஆறுதலுக்குத்தான் தொட்டேன், ஏன் தட்டினாரு? நான் என்ன பண்ணிட்டேன்?" என்று அழுதுகொண்டிருந்தாள்.

அதைக் கேட்டதும் திவதார் எழுந்தார். ஆடுகிற பேருந்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். வெண்டெலின் பையைத் தூக்கித் தரையில் வைத்தார். அனுமதி கேட்காமல் உட்கார்ந்தார். காதருகே வந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றார் வெண்டெல்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"என்ன சொல்ற?"

திவதார் மூச்சை இழுத்து, மாட்டுச் சந்தையில் கூவுகிற மாதிரி கத்தினார்.

"உன் பக்கத்துல என்னைத்தான் உக்காரச் சொல்லியிருந்தாய்யா பிரோஷ்கா! எங்க தட்டணும்னு முழங்கால அமுக்கச் சொன்னா! காலையிலேர்ந்து அதத்தான் உங்கிட்டச் சொல்லிட்டிருக்கேன், எருமை!"

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெண்டெலுக்குக் கேட்டது.

"உங்கிட்டயா? உங்கிட்டப் போயா சொன்னா?"

"வேற யாருகிட்ட சொல்லுவா? நான்தான் உன்ன விட்டு நகரவே மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

"எப்ப சொன்னா?"

"ஆஸ்பத்திரியில. உங்கிட்டப் பேசின அன்னைக்கு ராத்திரியே, நீ வீட்டுக்குப் போனதும், என்னைக் கூப்பிட்டனுப்பினா. மொதல்ல உங்கிட்டதான் சொன்னாளாம், திவதார பக்கத்துல வச்சுக்கோ, அவன்கூட ரோஷம் பாக்காதேன்னு. நீ எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டினியாம்."

வெண்டெல் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதுதானா? இத்தனை நாள் சோற்றை இறங்கவிடாமல் அடைத்த அந்த நீளமான பேச்சு இதுதானா? சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதே மனிதனைத்தான் இன்று மூன்று முறை விரட்டினோமா?

"எனக்குக் கேக்கலய்யா" என்றார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். சாகப்போறவகிட்ட நடிச்சேன்."

"அவளுக்குத் தெரியும்யா!"

"தெரியுமா?"

"தெரிஞ்சுதானே என்னைக் கூப்பிட்டா! 'அவனுக்கு ஒரு வார்த்தை விழல, திவதார். பாவம், மண்டைய ஆட்டுறான். நானும் கண்டுக்கல, ஆட்டட்டும்னு விட்டுட்டேன்'னா."

பின்னால் யோலானின் விசும்பல் கூட நின்றிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பி, உறைந்த ஏரியில் பார்க்க என்னவோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற என்ன சொன்னா?"

திவதார் சுற்றிலும் பார்த்தார். கணவனிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை முப்பது பேர் நடுவில் கத்தச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும்? மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"'கத்திச் சொல்லணும்னுதான் ஆசை, மூச்சு இல்ல'ன்னா" என்று கத்தினார். "'மூச்சு இருந்தா ஆஸ்பத்திரியே எழுந்து நிக்கிற மாதிரி கத்தியிருப்பேன், அவன்கூட இருந்தது நல்லாயிருந்துதுன்னு'ன்னா. அவ்வளவுதான்யா. வேற ஒண்ணும் சொல்லல."

வெண்டெல் தலையாட்டினார்.

திவதார் அந்தத் தலையாட்டலைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிரோஷ்கா அவரிடம் அதைப் பற்றி எச்சரித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அதனால் இன்னும் கிட்டே நகர்ந்து, கைகளை வாயருகே குவித்து, முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் கத்தத் தொடங்கினார். வெண்டெலுக்கு முதல் தடவையே முழுசாகக் கேட்டிருந்தது. ஆனால் கேட்டுவிட்டது என்று அவர் சொல்லவில்லை.